அதிகாரி வந்த நாளில் ஒரு நாற்காலி

பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும், வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும். தலைகீழ் வகுப்பறை என்று இதற்குப் பெயர். பயிற்சிப் பட்டறை ஒன்றில் கேட்டுவிட்டு வந்து, ஜார்ஜ்டவுன் தமிழ்ப்பள்ளியில் என் நான்காம் ஆண்டு வரலாற்று வகுப்பில் ஆரம்பித்துவிட்டேன். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் அடுத்தவர் பேச்சு காதில் ஏறாது. வாரம் ஒரு காணொலியைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பார்க்காமல் வருபவர் பெயர் வெண்பலகையின் மூலையில் ஏறும்.

ஆறு வாரமாக ஒரே பெயர்தான் அங்கே இருந்தது. சத்தமே வராத பெண்பிள்ளை. அம்மாவுக்குத் தூரத்துப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை.

"அம்மா போனைக் கொண்டு போயிருவாங்க டீச்சர். அவங்க வரும்போது நான் தூங்கிருவேன்."

"ஆளுக்கொரு சாக்கு வச்சிருக்கீங்க," என்றேன்.

ஏழாவது வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு கல்வி இலாகா ஆபீசர் உங்க கிளாஸத்தான் பாக்க வராரு. பிள்ளைங்க முழிச்சா இந்த வீடியோ கதையெல்லாம் அதோட சரி லா. பழையபடி போர்டுல எழுதிப் போடுங்க."

யார் முழிப்பாள் என்று எனக்குத் தெரியும். பள்ளி விட்டதும் அவளைத் தனியாக அழைத்தேன்.

"நாளைக்கு நீ வர வேணாம்மா. வீட்டுலயே இருந்து வீடியோ எல்லாம் பாரு."

வீட்டில் போன் இருக்காது. தெரிந்துதான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில், காலி இடம் கண்ணில் படாதபடி அவளுடைய நாற்காலியை வகுப்பின் பின்மூலைக்குத் தள்ளினேன். அதிகாரி தலைமையாசிரியரோடு வந்து உட்கார்ந்தார். 'நீங்கள் ஒரு வணிகர், கப்பலை ஏன் மலாக்காவில் நிறுத்துவீர்கள்?' இதுதான் குழுக்களுக்கு நான் கொடுத்திருந்த கேள்வி. ஒவ்வொரு குழுவாக எழுந்தது. பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். பிறகு அதிகாரி குறுக்கே கேட்டார்.

"சாமான வித்துட்டு உடனே கெளம்பலாமே. ஏன் அங்க மாசக்கணக்கா தங்கணும்?"

பிள்ளைகள் குறிப்பேட்டைப் புரட்டினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகக் காற்று, பருவம் என்று அடியெடுத்துக் கொடுத்ததும் யாரோ அரைகுறையாகச் சொன்னார்கள். அதிகாரி விட்டுவிட்டார்.

'மாணவர்கள் அனைவரும் தயாராக வந்திருந்தனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தப்பித்தேன் என்று சிற்றுண்டிச்சாலையில் தேநீரோடு உட்கார்ந்தேன். போனில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா.

"டீச்சர், நீங்க லீவு குடுத்து வீடியோ பாக்கச் சொன்னீங்களாம். போன் இல்லாம எப்படிப் பாப்பான்னு நானும் எமர்ஜென்சி லீவு போட்டுட்டேன். எல்லாத்தையும் பாத்துட்டா. எம்புள்ளைக்காக இவ்ளோ யோசிக்கிறீங்க, ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்."

அடுத்து அவள் குரல். "டீச்சர், காத்து மாறுற வரைக்கும் கப்பல் மலாக்காவுலதான் நிக்கணும். அப்பத்தான் ஊருக்குத் திரும்பிப் போக முடியும். நாளைக்கு நான் வரலாமா?"

வெட்கத்தில் காது சுட்டது. 'வா' என்று மட்டும் எழுதினேன். வகுப்புக்குப் போய் நாற்காலியை முன்வரிசையில் போட்டு, வெண்பலகையின் மூலையை அழித்தேன். மறுவாரத்திலிருந்து, போன் இல்லாத பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் என் மடிக்கணினியில் பார்த்தார்கள்.

அந்த அம்மா எங்கே பார்த்தாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த லீவுக்கு நன்றி சொல்கிறார். நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.