குளிரில் பறக்க மறுத்த தேனீக்கள்

தேனீப் பெட்டியை வாடகைக்கு விடுறது மாதிரி நிம்மதியில்லாத பொழப்பு வேற இல்ல. சரக்கு காலையில பறந்து போயிரும், சாயங்காலம் திரும்பி வந்தாத்தான் நமக்கு உசிரு வரும். பெட்டி வச்சிருக்கிறவுகளே, உங்களுக்குத் தெரியாததா?

விடிஞ்சதும் விழுந்த இடி

பூவுல தேனீ உக்காந்தாத்தான் ஏலக்காய் பிடிக்கும்னு மேகமலை எஸ்டேட் ஒண்ணுல எங்க பெட்டிகளைக் கேட்டாக. நானும் எங்க வீட்டுக்காரரும் சின்னமனூர்ல இருந்து ஜீப்புல ஏத்திக் கொண்டுபோயி இறக்குனோம்.

மறுநாள் விடிஞ்சு போயிப் பார்த்தேன். கீழ எங்க ஊர்ல விடிஞ்சதும் மொய்க்கிற ஈ, இங்கன ஒண்ணுகூடப் பறக்கல. பெட்டி வாசல்ல சிலது காலை மடக்கிக்கிட்டு வெறைச்சுக் கெடக்குதுக. எங்களுக்குச் சோறு போடுறதே அந்தப் பெட்டிகதான். எஸ்டேட் சூப்பர்வைசர் ராசையா எட்டிப் பார்த்துட்டுக் கேட்டாரு: "என்னம்மா, ஈயைக் கொண்டாந்தீகளா, பொணத்தைக் கொண்டாந்தீகளா?"

உள்ளங்கைச் சூடு

எங்க வீட்டுக்காரர் ஒரு ஈயை உள்ளங்கையில வச்சு ஊதுனாக. கொஞ்ச நேரத்துல அதோட வயிறு ஏறி இறங்குது, உடம்பு அதிருது, ரெக்கை மட்டும் அசையவே இல்ல! தேனீ வளர்ப்புப் பயிற்சியில கேட்டது அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. பறக்குற தசை ரெக்கையில நேரா ஒட்டியிருக்காது. நெஞ்சுக்கூட்டை அமுக்கி அமுக்கி விடும், கூடு நெளியிறதுல ரெக்கை அடிக்கும். தசை சூடேறாம அது நடக்காது. அதனால ரெக்கையை நிறுத்தி வச்சுக்கிட்டு, தசையை மட்டும் ஓட்டிச் சூடேத்தும், ஜீப்பை நியூட்ரல்ல போட்டு உறும விடுற மாதிரி.

அதை அவுககிட்ட நான் சொல்லி முடிக்கல, விர்ருன்னு அந்த ஈ அவுக மூக்கை உரசிக்கிட்டுப் பறந்துச்சு. அலறிட்டாக: "ஆத்தாடி! செத்தது எந்திரிச்சுப் போகுதுடி!"

கம்பளி

வெயில் ஏறவும் மத்ததும் பறந்துச்சு. "குளிர்தான் காரணம், சூடா இருந்தாப் பறக்கும்"னு ராசையாகிட்டச் சொல்லிட்டுக் கீழ இறங்குனோம்.

ரெண்டு நாள் கழிச்சு வந்தா, ஐயோ! பெட்டிகளுக்கெல்லாம் கம்பளி போத்தி, வாசல் ஓட்டையில துணியைத் திணிச்சு, சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல வச்சிருக்கு. உள்ள ஒரே இரைச்சல். அன்னைக்குக் காலையிலதான் ராசையா போத்துனாராம். ஓடிப்போயித் துணியைப் பிடுங்குனேன். ரெக்கையால விசிறித்தான் ஈ கூட்டைக் குளுத்திக்கிடும்; வெளிக்காத்தே வராம எதை விசிறும்? ரெண்டு பெட்டியில தேனடை உருகி, ஈ பூராவும் தேன்ல நனைஞ்சு செத்துக் கெடந்துச்சு. மத்தது தப்பிச்சது பெரும்பாடு. அங்கனயே உக்காந்து அழுதுட்டேன். ராசையா பதறிப் போயிச் சொன்னாரு: "சூடா வைக்கணும்னுதானேம்மா சொன்னீக, காத்து உள்ள போனாக் குளிருமேன்னுதான் அடச்சேன்!"

ஈ எப்படிப் பறக்குதுன்னு எஸ்டேட்டுல விளக்கம் சொல்லப் போறவுகளே, ஈக்குக் காத்தும் வேணும்ங்கிறதை மொதல்ல சொல்லிப்புடுங்க, சாமி.