கண்ணாடிக்குள் ஓர் இடதுகைக்காரர்

பொய் சொல்லுகிறவன் அந்த முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தால், சவரக்கத்தி தொண்டைக்கு வந்ததும் தானாக நின்றுவிடும் என்று தெருவில் ஒரு பேச்சு. வாசலுக்கு மேலே உள்பக்கம் மாட்டியிருக்கும் பழைய சாமி படத்தின் மகிமையாம். வீட்டுத் தரகருக்கு மூன்று முறை நின்றதாகப் பஞ்சர் கடையில் சத்தியமே செய்தார்கள். தரகரிடம் போய் விசாரித்தால் மனிதர் கொதித்தார்.

"பொய்யாவது மண்ணாவது! நின்னது வாஸ்தவம். மூணு தடவை இல்ல, ரெண்டே தடவை. கடைக்காரரு படத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டு இருந்தாரு. அவரு பக்திமான்யா!"

ஆக, கத்தி நிற்பது உண்மை. பக்திதான் கட்டுக்கதை.

கடைக்காரரின் வலது கை சில மாதங்களாக அவர் பேச்சைக் கேட்பதில்லை. சும்மா கிடக்கும்போது பரம சாது. கத்தியோடு தாடைக்குக் கீழே இறங்கினால் போதும், கட்டைவிரலில் ஒரு துடிப்பு கிளம்பி மணிக்கட்டுக்கு ஏறும். உடனே கத்தியைத் தூக்கிவிட்டு, எதிர்க் கண்ணாடிக்குள் தெரியும் படத்தையே பார்த்து நிற்பார். 'கை நடுங்குது' என்ற பேச்சு வெளியே போனால் நாற்காலி காலி. போகாவிட்டால், என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருவரின் தொண்டை. எதை நினைத்தாலும் சோறு இறங்காது. அதனால் யாராவது மகிமையைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் அவன் செயல்" என்று கையை மேலே காட்டிவிடுவார். இடது கையை.

படம் கடையோடு வந்தது. முன்பு அங்கே இருந்த கடிகாரக்காரர் உயரத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனது. செப்புத் தகட்டில் கீறி, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுத்தது. வண்ணம் கிடையாது, அத்தனையும் கோடு. பைபிள் கதை: கடவுளுக்குப் பலியாக விறகின் மேல் மகன் கிடக்கிறான். தகப்பன் கத்தியை ஓங்கியிருக்கிறார். மேகத்திலிருந்து பாய்ந்து வந்த தேவதூதன் அவர் மணிக்கட்டைப் பிடிக்கிறான். தொழில்முறையில் கடைக்காரருக்கு ஒரு குறை உண்டு: மகனின் பிடரி மயிர் வளர்ந்திருக்கும் திசை சரியில்லை. ஆனால் அந்தக் கிழவரின் தாடி! இழை இழையாக அப்படி ஒரு தாடி வந்து உட்கார்ந்தால் கத்திரி வைக்கவே மனசு வராது. அதைவிட அந்தக் கத்தி. அலகில் ஒரு கோடுகூட இல்லை, வெறும் காகிதம்தான் மின்னியது. வரைந்தவன் கையை எடுத்துக்கொண்ட இடத்தில்தான் கூர்மை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். இன்னொரு ஆறுதலும் உண்டு. படத்துத் தகப்பன் இடதுகைக்காரர். நமக்கு வம்பு வலது கையில். அவர் கதை வேறு, நம் கதை வேறு.

படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. மனைவியின் தம்பிக்குக் கண்ணாடி வெட்டும் கடை. அவன் வந்து படத்தை இறக்கி, புதுக் கண்ணாடி பொருத்தி, பசை காயட்டும் என்று பெஞ்சில் படுக்க வைத்தான். கடைக்காரர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டேய், படத்தை மாத்திட்டியா?"

"என்னத்த மாமா மாத்துறது?"

"கத்தி இடது கையில இருந்துச்சுடா!"

"எந்தக் காலத்துல? வலதுதான். முப்பொழுதும் இடவலம் மாத்திக் காட்டுற கண்ணாடியையே பார்த்துக் குடும்பம் நடத்துனா இப்படித்தான். நல்லவேளை, அக்காவை நேர்ல பார்த்துக் கட்டுனீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தேவதூதனின் விரல்கள், துடிப்பு ஏறும் அந்த எலும்பின் மேலேயே சரியாக அழுந்தியிருந்தன. கண்ணாடிக்குள் தூரத்தில் தெரிந்தபோது தகப்பன் முகத்தில் நிம்மதி என்று நினைத்திருந்தார். பக்கத்தில் பார்த்தால் நிம்மதி இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவனின் முகம்.

"கூலி எல்லாம் வேணாம், ஒரு ஷேவ் பண்ணி விடுங்க" என்று மச்சான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அவரிடம் இல்லை. நுரை போட்டார். வலது கன்னம் வழுவழுவென்று வந்தது. தாடைக்குக் கீழே இறங்கினார். கட்டைவிரல் துடித்தது. வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தார். வாசலுக்கு மேலே வெறும் சுவர். ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. துடிப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது. அலகு தொண்டைத் தோலில் மெல்லத் தட்டியது. இன்னொரு முறை தட்டியது. தூக்கலாமா, தூக்கும்போதே இழுத்துவிடுமா? மூச்சை அடக்கி, இடது கையால் தன் வலது கையையே இறுகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கத்தி தரையில் விழுந்தது.

மச்சான் கண்ணைத் திறந்தான். கழுத்தைத் தடவிப் பார்த்தான். ரத்தம் இல்லை. கண்ணாடிக்குள் அந்தக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நாளா மாமா?"

கடைக்காரர் குனிந்து இடது கையால் கத்தியைப் பொறுக்கினார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லிடாதடா. கடை போயிடும்."

"நான் எதுக்குச் சொல்றேன்? பாதி மூஞ்சியோட போனா அவளே கேப்பா." துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வேற கடையில போய் மீதியை எடுத்துக்க மாட்டேன். நீங்க டாக்டர்கிட்ட கையைக் காட்டிட்டு வந்து எடுத்து விடுங்க. அதுவரைக்கும் இப்படியேதான் திரிவேன்."

சொன்னபடியே திரிகிறான். வழித்த கன்னத்தில் மறுபடி முளைத்தால் தானே வழித்துக்கொள்கிறான். இடது பக்கத்தை மட்டும் தொடுவதில்லை. கடைக்காரர் டாக்டர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியதாகக் கேள்வி. கடை சாத்தியிருக்கிறது. மச்சானுக்கு இடது கன்னம் இன்னும் பாக்கி.