அழுத்தியவர் பெயர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள். நான் மட்டும் அதோடு ஓர் அக்காவைச் சேர்த்து முகத்துக்கு நேரே கூப்பிடுவேன். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாசலில் நிற்கிறவரைக் கேலி செய்கிற இந்த மகராசன்களுக்கு, தங்கள் வீட்டுக் கதவு மட்டும் பத்திரமாகப் பூட்டியிருக்க வேண்டும்.

இன்று அக்கா அங்கே இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்பதை யாராவது சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கப் போவதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் ஒரு மென்பொருளை விற்கிறது. பெரிய கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் விடுப்புக் கேட்பது, சம்பளச் சீட்டுப் பார்ப்பது, மருத்துவச் சான்று கொடுப்பது, மேலதிகாரிமேல் புகார் சொல்வது எல்லாம் அதற்குள்தான். அப்படியென்றால் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம், யார் எதைத் தொடவே கூடாது என்று பிரித்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அக்கா. நான் பக்கத்து மேஜையில் வாடிக்கையாளர்களின் தொலைபேசியை எடுப்பவள். திட்டு முதலில் என் காதில் விழும், பிறகு அவர் மேஜைக்குப் போகும்.

மெத்தைக் கடைக்கு மேலே இரண்டே அறைகளில் நிறுவனம் இருந்த காலத்தில், வரவேற்பில் உட்காரத்தான் அக்கா சேர்ந்தார். அப்போது மென்பொருளில் தொழிலாளி, மேலாளர், முதலாளி என்று மூன்றே வகை. யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. வியாபாரம் பெருத்ததும் ஆரம்பித்தது கூத்து. மேலாளர்தான், ஆனால் மற்றவர் சம்பளம் அவருக்குத் தெரியக் கூடாது. மேலாளர் இல்லை, ஆனால் மேலாளர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் மேலாளர். இரவு ஷிப்டில் அதிகாரி, பகல் ஷிப்டில் சாதாரண ஆள். இப்படி ஆளுக்கொன்று கேட்பார்கள். விற்பனைத் தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து அக்காவின் தலையில் கட்டுவார். எதைக் கேட்டாலும் உடனே வேண்டும் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் உடனே சார்.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அலுவலகத்தில் அதற்கு ஜெராக்ஸ் என்று பெயர். ஒரு கம்பெனியில் புதிதாக ஒருவர் வந்தால், அவர் என்ன வேலை செய்யப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. முன்னால் இருந்தவருக்கு என்ன அனுமதிகள் இருந்தனவோ அதை அப்படியே பிரதி எடுத்து இவருக்கு ஒட்டிவிடுவார்கள். முன்னால் இருந்தவர் நாலு பிரிவுகளில் வேலை பார்த்தவராக இருப்பார். பிரிவு மாறும்போதெல்லாம் புதிய அனுமதி சேர்ந்திருக்கும், பழையதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நேற்று வந்தவர் அந்த மூட்டை முழுவதையும் வாங்கிக்கொள்வார். அக்காவுக்கு ஜெராக்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். “அவர் யார மாதிரின்னு சொல்லாதீங்க, அவருக்கு என்ன வேலைன்னு சொல்லுங்க” என்பார். இதைக் கேட்டதற்குத்தான் வாட்ச்மேன் பட்டம்.

வீட்டிலும் அக்கா அப்படித்தான். மகள் பெரியவளானதும் அவள் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தார். குடும்பத்துக்குள் என்ன மறைப்பு என்று மாமியார் மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். தாழ்ப்பாளை மட்டும் அக்கா கழற்றவில்லை. “கதவத் தட்டிட்டு வந்தா என்ன குறைஞ்சா போயிடும்?” என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அதுதான் புரியவில்லை.

பாட்டில் செய்யும் கம்பெனி ஒன்று எங்கள் பெரிய வாடிக்கையாளர். அவர்களுடைய அனுமதிகளையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் உடனே சார் அவர்களைப் பிடித்திருந்தார். அங்கே பேக்கிங் பிரிவுக்கு ஒரு புதிய மேலாளர் வந்தார். வழக்கம்போல, பழையவருக்கு இருந்த மாதிரியே கொடுங்கள் என்று கேட்டார்கள். அக்கா பார்த்தார். பழையவர் முன்பு பணியாளர் பிரிவில் இருந்தவர். தொழிலாளிகளின் மருத்துவச் சான்றுகளைத் திறக்கும் அனுமதி அங்கிருந்தே அவரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பேக்கிங்கைப் பார்க்கிற ஆளுக்கு யாருடைய வியாதி எதற்கு? அக்கா அதை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கொடுத்தார்.

புதியவருக்குக் கோபம் வந்துவிட்டது. சான்றுகளைப் பார்த்து அவர் செய்ய வேண்டிய வேலை எதுவும் கிடையாது. முன்னால் இருந்தவருக்கு இருந்தது, எனக்கு ஏன் இல்லை, நான் என்ன மட்டமா என்பதுதான் அவர் பிரச்சினை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையைப் பார்க்கிற புத்தி. அதற்காக அவர் உடனே சாருக்குப் போன் போட்டார், உடனே சார் அக்காவின் மேஜைக்கு வந்து நின்றார்.

அக்கா சொல்லிப் பார்த்தார். அது அடுத்தவர்களின் உடம்பு சமாச்சாரம், இவருக்குத் தேவையில்லை என்றார். அப்படியே கொடுக்கத்தான் வேண்டுமென்றால் எழுத்தில் தாருங்கள் என்றும் கேட்டார். உடனே சார் குரலை உயர்த்தவில்லை. “நான் வாயால சொன்னா பத்தாதா? அவங்க ஒப்பந்தம் போச்சுன்னா நீங்க பதில் சொல்வீங்களா?” என்றார். பிறகு நகரவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார். காலை முழுவதும் இப்படிப் போனது. கடைசியில் அக்கா பொத்தானை அழுத்தினார். இதை நான் மறைக்க மாட்டேன்.

எங்கள் மென்பொருளில் ஓர் அயோக்கியத்தனம் உண்டு. யார் அனுமதி கொடுத்தது என்று அது பதிவு செய்து வைக்கும். அதில் அழுத்தியவர் பெயர் இருக்கும். அழுத்தச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. யாரும் மறந்துபோய் விட்டதல்ல அது. அந்த இடம் வேண்டும் என்று அக்கா பலமுறை கேட்டார், தேவையில்லை என்று மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் தட்டிக் கழித்தார்கள். ஏன் தட்டிக் கழித்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

கொஞ்ச நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண். பல வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவள், இந்த முறை நிரந்தரம் ஆக வேண்டியவள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறாள். அதற்காகப் போட்ட விடுப்புக்கு மருத்துவச் சான்று கேட்டார்கள், கொடுத்திருக்கிறாள். பணியாளர் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிக் கொடுத்தது. புதிய மேலாளர் ஒருநாள் எல்லார் முன்னாலும், மனசு சரியில்லாதவர்களை மெஷின் பக்கத்தில் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். நிரந்தரம் இல்லை என்பதோடு, அடுத்த வாரத்திலிருந்து வரவே வேண்டாம் என்றும் ஆகிவிட்டது. புகார் கொடுத்தால், நீயே யாரிடமாவது உளறியிருப்பாய் என்கிறார்களாம்.

“அந்தச் சான்றை அவர் பார்த்தாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது” என்றாள்.

யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவை அக்கா பார்த்தார். மேலாளர் ஒருமுறை இல்லை, இரண்டுமுறை அதைத் திறந்திருந்தார். ஒருமுறை தவறுதலாகத் திறந்தார் என்று வேண்டுமானால் சாக்குச் சொல்லலாம். இரண்டாம் முறை எதற்கு? ருசியா?

பாட்டில் கம்பெனி எங்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. உடனே சார் அதையும் உடனே தயார் செய்தார். பணியாளர் பிரிவைத் தவிர வேறு யாரும் அந்தச் சான்றைத் திறக்கவில்லை என்று பூசி மெழுகி ஒரு பக்கம். அனுமதிகளுக்குப் பொறுப்பானவர் என்று கீழே அக்காவின் கையெழுத்துக்கு இடம். பதிவில் வேறு மாதிரி இருக்கிறதே என்று அக்கா கேட்டதற்கு, பதிவை யாரும் கேட்கவில்லை, கடிதத்தைத்தான் கேட்கிறார்கள் என்றார். பிறகு அக்கறையாகக் குனிந்து, “போட்டுடுங்க, உங்களுக்குத்தான் நல்லது. அழுத்தினது உங்க பேர்லதானே இருக்கு?” என்றார்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தால் அந்தப் பெண் பொய்க்காரி ஆவாள், வேலையும் அத்தோடு போகும். விழாவிட்டால் அக்காவின் வேலை போகும். இரண்டு பெண்களில் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு அந்த மனிதர் சாப்பிடப் போனார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாட்டில் கம்பெனியில்தான் கூட்டம் நடந்தது. போனை எடுத்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுடைய அதிகாரி ஒருவர், பேக்கிங் மேலாளர், உடனே சார், அக்கா, நான். அந்தப் பெண்ணுக்கு மேஜையைச் சுற்றி இடம் இல்லையாம், சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரி கடிதத்தைக் கேட்டார். அக்கா கையெழுத்துப் போடாத காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதுல எழுதியிருக்கறது உண்மையில்ல. மேலாளர் சான்றைத் திறந்து பார்த்திருக்கார். அவருக்கு அந்த அனுமதியக் குடுத்தது நான்” என்றார்.

யார் சொல்லி அந்த அனுமதியைக் கொடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டபோது அக்கா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். தான் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை என்று உடனே சார் பொறுமையாகச் சொன்னார். காலை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர். நான் பார்த்தேன் என்று சொன்னேன். என்னை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பதிவைப் பார்த்தார்கள். அதில் ஒரு பெயர்தான் இருந்தது.

அந்தப் பெண்ணை நீக்கியது அன்றே ரத்தானது, நிரந்தரம் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மேலாளரைப் பக்கத்துக் கிளைக்கு மாற்றினார்கள், தண்டனையாம். எங்கள் பக்கத்தில் அடுத்த வாரமே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அனுமதி வழங்கியதில் தனிநபர் தவறு என்று காரணம் எழுதியிருந்தது. உடனே சாரின் அறையில் இப்போதும் விளக்கு எரிகிறது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் கூட்டம் முடிந்த அன்று, வெளியே நடைவழியில் நடந்ததை நினைத்தால் யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரிவதில்லை. நாங்கள் மின்தூக்கிக்காகக் காத்திருந்தோம். அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் ஒதுங்கி நின்றேன்.

“நீங்க குடுக்காம இருந்திருந்தா அவரால பார்த்திருக்க முடியாது, இல்லையா?” என்று கேட்டாள்.

முடியாது என்றார் அக்கா. அவர்கள் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

“இன்னிக்கும் கையெழுத்துப் போடச் சொல்லித்தானே கூட்டிட்டு வந்திருப்பாங்க?”

“ஆமாம்மா.”

“இன்னிக்கு அவங்க சொன்னத நீங்க கேக்கலையே. அன்னிக்கும் கேக்காம இருந்திருக்கலாமே.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருந்திருக்கலாம்மா” என்றார்.