கடைசிவரை பார்ப்பவர்

ரிமோட்டைத் தன் நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார் அல்போன்சா. எதிரே மூன்று நடுவர்கள். ஒருவர் கையை நீட்டினார்.

"கொஞ்சம் ஃபார்வர்ட் பண்ணுங்க மேடம். சாம்பிள்தானே."

"நக்கோ சார், வேணாம். எட்டு நிமிஷம்தான். உங்க காபி கூட ஆறாது."

எட்டு நிமிடமும் ஓடியது. ஒரு குளத்தில் மழை பெய்தது. பிறகு நின்றது. அல்போன்சா எழுந்து அடுத்த படத்தைப் போட்டுவிட்டு, மறுபடி ரிமோட்டின் மேல் உட்கார்ந்தார்.

தொம்மலூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அறக்கட்டளை. தியேட்டருக்குப் போகாத படங்கள் இருக்கின்றன. சுவரில் ஓடும், திரைச்சீலையில் ஓடும், பெரும்பாலும் கதை இருக்காது. அப்படிப்பட்ட வீடியோக்களைச் சின்ன ஊர்களில் இருந்துகொண்டு செய்கிற ஆறு பேருக்கு அறக்கட்டளை ஆண்டுதோறும் நல்கைப் பணம் தருகிறது. அல்போன்சா அங்கே திட்ட அலுவலர். டெலிபோன் எடுக்கும் வேலைக்கு வந்தவர். இப்போது விண்ணப்பங்கள் எல்லாம் அவர் வழியாகத்தான் வருகின்றன. தேர்வில் மட்டும் அவருக்கு ஓட்டு இல்லை.

முன்பு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். அதை நிறுத்தியவர் அவர்தான். "இங்கிலீஷ்ல எழுதினா எல்லாரும் ஒரே ஆளா ஆயிடறாங்க பா" என்பார். இப்போது போனில் பேசினால் போதும். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, அவர் கேட்டு எழுதிக்கொள்கிறார். மதியத்தில் காதில் இயர்போனுடன் ஆரஞ்சு உரித்தபடி, "சும்னே சுத்தி வளைக்காத. என்ன தெரியும் படத்துல, அத சொல்லு" என்று யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய பையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கறுப்புப் போர்வையும் எப்போதும் உண்டு. போர்வை ஜன்னலை மறைக்க. அரிசி மண்டியில், மூடிக் கிடந்த டியூஷன் சென்டரில், ஒரு தடவை கோழிப்பண்ணையில் படம் பார்த்திருக்கிறார். பார்த்து முடித்ததும் நல்லது கெட்டது சொல்லமாட்டார். "எங்க நின்னுட்டு எடுத்த?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்.

வீடு அல்சூரில், தம்பி டென்சில் குடும்பத்தோடு. டென்சிலுக்கு அக்காவின் வேலை இன்றுவரை பிடிபடவில்லை. "சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா இன்டர்வெல்லுக்கு முன்னாடியே தூங்கிடுவா. செவுத்துல தண்ணி சொட்டுறத காட்டு, ஒரு மணி நேரம் ஆடாம உக்காருவா."

இந்த ஆண்டு அல்போன்சா ஒருவருக்காக உள்ளுக்குள் காத்திருந்தார். ஆனேக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கும் அசோகன். கேமராவை முடுக்கிவிட்டு "ரெடியா சார்", கன்னடக்காரர்களிடம் "ரெடினா சார்" என்று கேட்பதற்கும், எதிரே நிற்பவர் முகத்தைச் சரிசெய்துகொள்வதற்கும் நடுவில் சில நொடிகள் இருக்கின்றன. எடிட் செய்யும்போது வெட்டி எறிகிற நொடிகள். அசோகன் அவற்றை எறியாமல் பல வருடங்களாகச் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தார். மணப்பெண் கொட்டாவி விடுகிறாள். மாமனார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். ஒரு அம்மா யாருமில்லாத பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்புகிறாள். அதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது.

ஜூன் மாதத்தில் அதில் பதினைந்து நிமிடத்தை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். அல்போன்சா அதை மூன்று தடவை பார்த்தார். நல்கை கிடைத்தால் அசோகன் ஒரு வருடம் கல்யாணங்களை விட்டுவிட்டுப் படத்தை முடிக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. அவருக்கு இது கடைசி வாய்ப்பு.

இறுதியாக வரும் படங்களை அல்போன்சா முன்கூட்டித் திறப்பதில்லை. நடுவர்களோடு சேர்ந்து புதிதாகப் பார்ப்பார். இந்த ஆண்டுத் தேர்வு நாளிலும் அப்படித்தான். அசோகனின் படம் தொடங்கியது. கறுப்பு வெள்ளை. பியானோ. காலத்தையும் நினைவையும் பற்றிக் கம்ப்யூட்டர் குரலில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். கொட்டாவி ஸ்லோமோஷனில் போயிற்று. நடுவர் மமதா பேனாவை மூடினார். அல்போன்சா அசையவில்லை. கடைசிவரை ஓடியது.

இடைவேளையில் வராண்டாவுக்குப் போய்ப் போன் செய்தார்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்க?"

"நல்லா இல்லையா மேடம்? ரெண்டு வாரம் கடைய சாத்திட்டு உக்காந்தேன்."

"பியானோ யாரு கேட்டா?"

"பெரியவங்க பாக்கறாங்களேன்னு போட்டேன். கல்யாணத்துக்குக் கலரு, ஆர்ட்டுக்கு பிளாக் அண்ட் வொயிட்டு. அப்படித்தானே மேடம்?"

அல்போன்சா பேச்சைத் துண்டித்தார். பழைய படம் அவர் கையிலிருந்த அதே போனில் இருந்தது. இறுதியாக அனுப்பியதைத் தவிர வேறெதையும் நடுவர்களுக்குக் காட்டக்கூடாது என்பது விதி. வேண்டியவர்களின் படங்கள் கொல்லைப்புறமாக உள்ளே வருவதை நிறுத்த, சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவர் அவர். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு உள்ளே போனார்.

"ஐடியா நல்லா இருக்கு. ஆனா தன் மேலயே நம்பிக்கை இல்லாம எடுத்திருக்கார்" என்றார் நடுவர் சுப்ரமணியன்.

"நமக்காக மாத்தியிருக்கார். நாளைக்கு வேற யாருக்காகவும் மாத்துவார்" என்றார் மமதா. அதில் நியாயம் இருந்தது.

"அந்தப் பியானோவுக்குப் பின்னாடி ஒரு படம் இருக்கு. அத பாத்தீங்களா?" என்று கேட்டார் அல்போன்சா.

ஆறாவது இடம் வேறொருவருக்குப் போயிற்று. அவருடையதும் நல்ல படம்தான்.

மறுநாள் காலை, தேர்வான ஆறு பேருக்கும் மின்னஞ்சல் போனது. கிடைக்காதவர்களில் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊர்க்காரர்களை அல்போன்சா நேரிலேயே போய்ப் பார்ப்பார். பதினொரு மணிக்கு ஆனேக்கல்லில் இறங்கினார். அசோகனின் ஸ்டுடியோ ஒரு பேக்கரிக்கு மேலே. அவர் பப்ஸும் டீயும் வரவழைத்தார். அல்போன்சாவின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"கெடைக்கல பா" என்றார் அல்போன்சா.

"சரி மேடம். டீ ஆறுது."

"இன்னொன்னு இருக்கு. பழசு என் போன்லயே இருந்தது. நான் காட்டல."

"காட்டியிருந்தா கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்."

அசோகன் எழுந்து ஃபேன் வேகத்தைக் குறைத்தார். பிறகு கூட்டினார்.

"அப்ப ஏன் மேடம் வந்து சொல்றீங்க? சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவா போகுது."

"அதான் வந்தேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பப்ஸ் தின்றார்கள். பிறகு பியானோ இல்லாத படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டார் அசோகன். அதுவரை சேர்த்தது ஐம்பது நிமிடம் இருந்தது. இருவரும் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு அத்திபெலேயில் ஒரு நிச்சயதார்த்தம். லைட் பிடிக்கும் நாகேஷ் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டார். அல்போன்சாவும் கூடப் போனார். மண்டபத்தில் கைப்பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, லைட் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் மேல, மேடம்" என்றார் அசோகன்.

அல்போன்சா உயர்த்தினார்.