நுனி கருகிய சம்பங்கி

ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி எடுத்துவந்த சம்பங்கி இலைகளைச் சித்தி என் ஆய்வக மேசையில் கொட்டினாள். அடி பச்சை, நடு மஞ்சள், நுனி தீயில் காட்டியதுபோல் பழுப்பு. எதையும் இப்படி வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். சித்தப்பா இறந்தபின் சங்கரன்கோவிலை ஒட்டிய அந்தப் பூந்தோட்டம்தான் அவளுக்குப் பிழைப்பு. அதைப் பிளாட் போட்டு விற்கச் சொல்லி அவளுடைய கொழுந்தனார் நெருக்கிக்கொண்டிருந்தார்.

“தாகம்னு நெனச்சு மோட்டார ஓடவிட்டேன்ட்டி. ஊத்த ஊத்தக் கருகுது. ஒன் படிப்புல இதுக்கு மருந்து உண்டா, இல்ல சும்மா வெள்ளக்கோட்டு மாட்டிட்டுத் திரியுதியா?”

நுனி கருகினால் வறட்சி என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சோதித்தபோது அவளுடைய போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்தது. அடுத்த முறை வந்தபோது விளக்கினேன். வேர் உறிஞ்சும் ஃப்ளோரைடு நீரோடு ஏறும். நீர் ஆவியாகிவிடும், அது இலை நுனியிலேயே தங்கும். செல்லுக்குள் சர்க்கரையை உடைத்து ஆற்றலாக்கும் நொதிகளில் ஒன்றுக்கு மெக்னீசியம் துணை வேண்டும். ஃப்ளோரைடு அந்த மெக்னீசியத்தோடு சேர்ந்து நொதியை முடக்கிவிடும். உடைக்கும் வேலை பாதியில் நிற்கும். சர்க்கரை இருந்தும் செல் பட்டினி கிடக்கும்.

“சோத்துக்கு முன்னால உக்காந்துட்டு, கை வெளங்காமப் போன மாரி.”

“ஆமா சித்தி.”

மழைநீர் கலப்பது, சுண்ணாம்பு இடுவது, பயிரை மாற்றுவது என்று அடுக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். குனிந்து பூப்பறிக்க முடியாமல் போய் நாளாகியிருந்தது. வயசு என்று எல்லோரும் சொல்லியிருந்தோம்.

“ஏட்டி, இந்தத் தண்ணியத்தான நானும் குடிக்கேன்?”

பட்டியலை அப்படியே விட்டு, அவளை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை மாற்றச் சொன்னார். ஃப்ளோரைடு ஏறி மூட்டு இறுகியது இனி இளகாது என்றும் சொன்னார். தோட்டம் கைமாறியது. சித்தி இப்போது ஊருக்குள் வாடகை வீட்டில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, கால்களை நீட்டி உட்கார்ந்தபடி கேனிலிருந்து எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

“ருசியே இல்ல மக்கா. செடி கருகலேன்னா இன்னமும் அதத்தான் குடிச்சிட்டுக் கெடப்பேன், என்னட்டி?”

“ஆமா சித்தி.”

குடித்து முடித்தேன். அவளால் எழ முடியாது என்பதால் தம்ளரை நானே கழுவி வைத்தேன்.