சரக்கறைக்குப் போன கம்பளித் துணி

நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னை ஒரு வருடப் பயிற்சிக்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கப்பல் புறப்பட்டது குளிர்காலத்தில். ராயபுரம் வீட்டில் பெட்டி கட்டும்போதே மனைவி கேட்டாள்.

“பாப்பா சொட்டரு, பூட்ஸு ரெண்டையும் கையோட வெச்சுக்கலாமே?”

“இன்னாத்துக்கு? கப்பல்ல வேர்த்து ஊத்தும். எல்லாத்தையும் பெரிய பொட்டில போடு. ஊர் போய்ச் சேந்து எடுத்துக்கலாம்.”

துறைமுகத்தில் அந்தப் பெரிய பெட்டியை வாங்கிக் கப்பலின் அடியிலுள்ள சரக்கறையில் இறக்கிவிட்டார்கள். சூயஸ் வரையில் நான் சொன்னதுபோலவே வேர்த்தது. அதைத் தாண்டியதும் அடித்த காற்றில் எங்களுக்குப் பல் தந்தியடித்தது. பெட்டியை எடுத்துத் தரும்படி கப்பல் சிப்பந்தியிடம் மன்றாடினேன். லண்டன் சேரும்வரை சரக்கறையைத் திறக்க முடியாது என்றுவிட்டார். பருத்திக் கவுனும் செருப்புமாக நின்ற எங்கள் நாலு வயது மகள் ஜமீலாவுக்கு என் வேட்டிகளைச் சுற்றிவிட்டோம். மறுநாளே காய்ச்சல் கண்டுவிட்டது.

“வாப்பா, காது வலிக்குது” என்று துடித்தாள்.

கப்பல் டாக்டர் பிள்ளையைப் பிழைக்க வைத்தார். ஆனால் சீழ் வைத்த இடது காது மறுபடி கேட்கவே இல்லை.

மனைவி இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போவதானாலும் பெட்டி அடுக்குவது அவள்தான். நான் குறுக்கே பேசுவதில்லை. கப்பல் ஏறுகிறவர்கள் யாரைக் கண்டாலும், கம்பளியும் பூட்ஸும் கைப்பெட்டியில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஜமீலாவைக் கூப்பிட வேண்டுமானால் அவளுடைய வலப்பக்கமாகப் போய் நின்றுகொண்டு கூப்பிடுகிறேன்.