பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இடித்த அடுப்பு

அடுப்பங்கரையை இடித்துக் கட்டவேண்டும் என்று அப்பா சொன்னபோது வீட்டில் பொங்குவதற்கே ஒழுங்கான அரிசி இல்லை. ஊர் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தது. ரேஷனில் கிடைக்கும் கொஞ்சம் அரிசியிலும் சுண்ணாம்பு வாடை. எத்தனை தண்ணீர் மாற்றிக் களைந்தாலும் போகாது. அந்த அரிசியைப் பொங்குவதற்கு இந்த மனுஷன் புது அடுப்பங்கரை கட்டப்போகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, சின்னவளான நான். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரனுக்கும் ரயில் ஓடவேண்டியிருந்ததால் அவரை யாரும் தொடவில்லை. அண்ணன் வேலை பார்த்த துணிக்கடை மூடிப்போயிருந்தது. வேலையில்லாத இளவட்டங்களைப் பிடித்து, சயாமில் ரயில்பாதை போட லோரி லோரியாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராது. எங்கள் வரிசையிலேயே ஒருவர் பாசாருக்குக் கிழங்கு வாங்கப் போனார். கூடை மட்டும் வீட்டுக்கு வந்தது.

அண்ணனை ஒளித்துவைக்கத்தான் இந்த வேலை என்று அப்பா சொன்ன பிறகுதான் என் வாய் அடங்கியது. அடுப்பங்கரையின் பின்சுவருக்கு முன்னால் இன்னொரு பலகைச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கிற அளவுக்கு இடம். புதுச் சுவரை மறைத்து விறகு அடுக்கு. அடுக்குக்குப் பின்னால், கீழ்ப்பலகை ஒன்று மட்டும் நகரும். கரி பிடித்த அடுப்பங்கரையை எவன் உற்றுப்பார்க்கப் போகிறான்? யோசனை நல்ல யோசனைதான். அடுப்பு பின்சுவரை ஒட்டி இருந்ததால் அதை இடித்து முன்னால் தள்ளிக் கட்டவேண்டும், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் கேட்டால், சுவரைக் கறையான் அரித்துவிட்டது என்று சொல்லவேண்டும்.

“ரெண்டு நாள் வேலைதான்லா,” என்றார் அப்பா. இரண்டு நாளாம்! ஆணி கிடையாது. பழைய பெட்டிகளிலிருந்து பிடுங்கிய துரு ஆணிகளை அண்ணன் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தவேண்டும். பலகையை அப்பா வேலை முடிந்து வரும்போது ஒன்றொன்றாகத் தோளில் தூக்கிவருவார், சில நாள் வெறுங்கையோடு வருவார். சிமெண்டு என்ற வார்த்தையே மறந்துபோயிருந்தது. செம்மண்ணையும் சாம்பலையும் குழைத்தோம். குழைத்தது நான். நகத்துக்குள் போன மண் வாரக்கணக்கில் வெளியே வரவில்லை.

அடுப்பை இடித்த பிறகு சமையல் கொல்லைப்புறத்தில். மூன்று கல், மேலே ஒரு கிழிந்த படுதா. மழை பெய்தால் படுதாவின் கிழிசல் சரியாகச் சட்டிக்கு நேரே ஒழுகும். ஈர ரப்பர் விறகை ஊதி ஊதி எனக்குக் கண் இரண்டும் வீங்கிவிட்டன. வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் தூசி, படுக்கும் பாயில் தூசி, கிழங்கிலும் தூசி. சட்டி பானையெல்லாம் அண்ணன் அண்ணி படுக்கிற அறையில் குவிந்துகிடந்தன. ஒரு கரண்டி தேடுவதற்குள் அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு சண்டை வந்துவிடும்.

இந்த அமளியிலும் அம்மாவுக்கு ஓர் ஆசை. “இடிக்கிறதுதான் இடிச்சாச்சு, மேடைய கொஞ்சம் உசத்திக் கட்டிடுங்களேன். குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு,” என்றாள்.

“மகன் உசுரு பெருசா, ஒன் முதுகு பெருசா?” என்று அப்பா எரிந்து விழுந்தார். அம்மா அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. மறுநாள் மேடையை ஒரு சாண் உயர்த்தித்தான் கட்டினார். முதலிலேயே சரி என்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எங்கள் அப்பா எதையும் கடித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

சுவர் பாதி எழும்பியிருந்தபோது அண்ணி வாந்தி எடுத்தாள். கையைப் பிடித்துப் பார்த்த அம்மா அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் சுவரை இடிக்கமாட்டார்கள், குழி தோண்டமாட்டார்கள், ஆணிகூட அடிக்கமாட்டார்கள். அடுப்பில் கைவைப்பதென்றால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். இடித்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும், அடைத்தால் காது அடைக்கும் என்று பயம். அம்மா அந்த பயத்தில் ஊறியவள். பக்கத்து வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருந்தால்கூட எங்கள் வீட்டில் பூசணி வெட்டவிடமாட்டாள். இப்போது தன் வீட்டில், தன் மருமகள், தன் கண்முன்னே இடித்துப்போட்ட அடுப்பு.

“நிறுத்துங்க. போதும்,” என்றாள்.

“எப்படிலா நிறுத்துறது? இதுல நிறுத்துனா எவன் வந்து பார்த்தாலும் சந்து தெரியும். அதுக்கு நம்மளே கூட்டிப்போய் லோரியில ஏத்திவிட்டுடலாம்.”

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். அண்ணன் யார் பக்கமும் பேசாமல் ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அண்ணிதான் முடித்துவைத்தாள். “வேலை நடக்கட்டும் அத்தை. நான் உண்டாயிருக்கேன்னு யாருக்கும் சொல்ல வேணாம். தெரிஞ்சாத்தானே கேப்பாங்க?”

அம்மா சம்மதித்தாள். அப்பா சுத்தியலை எடுத்தால், உடனே அண்ணியைக் கைப்பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய்விடுவாள். சுத்தியல் சத்தம் நின்றால் உள்ளே கூட்டிவருவாள். பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதுபோல் நாள் முழுக்க இதே வேலை. முதல் பிள்ளை. இன்னொரு காலமாக இருந்தால் வளையல் போட்டு, வாய்க்கு ருசியாக ஆக்கிப்போட்டுக் கொண்டாடியிருப்பார்கள். இந்தப் பெண் கக்கூஸுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தாள். கிள்ளானில் இருந்த தன் அம்மாவுக்குக்கூடச் சொல்லியனுப்பவில்லை. யாராவது கேட்டால் சுண்ணாம்பு அரிசி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். ஒரு பிள்ளையை வயிற்றில் சுமப்பதைத் திருட்டுச் சாமான்போல் மறைக்க வைத்தார்களே என்று அன்றைக்கு எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம்.

அதிலும் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் மறைப்பதுதான் பெரிய பாடு. அம்மாவுக்கு அவள் தங்கை மாதிரி, அதனால் எங்களுக்குச் சின்னம்மா. முருங்கைக்கீரை பறித்தால் பாதி எங்களுக்கு. செம்பனை எண்ணெய் கிடைத்தால் ஒரு கரண்டி அண்ணியின் தலைக்கு. அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவள் புருஷன் கோழிக்கூட்டுக்குக் கம்பு நட்டதால்தான் அப்படி ஆயிற்று என்று அவளுக்குத் தீர்மானம். அந்தக் கூட்டை அவளே பிய்த்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

இழுத்து இழுத்து மூன்று மாதத்தில் சுவர் முடிந்தது. விறகும் அடுக்கியாயிற்று. அடுக்கின் ஓரத்தில் ஒரு கட்டை அடிக்கவேண்டியது மட்டும் பாக்கி. அன்று காலையில் அதற்காக அப்பா சுத்தியலை எடுத்திருந்தபோதுதான் ஆள் பிடிக்க வந்தார்கள். வரிசையின் முதல் வீட்டில் சத்தம் கேட்டதுமே அண்ணன் சுவருக்குள் போய்விட்டான். நான் பலகையைத் தள்ளி விறகைச் சரித்தேன்.

வந்தவன் தமிழன். பூச்சோங் பக்கம் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, ஜப்பான்காரனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க வந்தவன். கூட ஒரு சிப்பாய், அவன் வாசற்கதவில் சாய்ந்துகொண்டான். கிராணி அடுப்பங்கரைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

“மகன் எங்க அண்ணே?”

“கிள்ளான்ல சித்தப்பன் வீட்டுக்குப் போயிருக்கான். வேலை தேடி.”

“இதென்ன, அடுப்பங்கரை வேலையா?”

“கறையான் அரிச்சிடுச்சு.”

“ஆணிக்கு எங்க போனீங்க? எங்க வீட்டுல ஒரு கதவு தொங்கிக்கிட்டு கெடக்கு,” என்று சிரித்தான். அப்பாவும் சிரித்துவைத்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். திரும்பிப் போகத்தான் போனான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கால் வெளியே வைத்துவிட்டான்.

அப்போதுதான் சின்னம்மா கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கை இரண்டிலும் ஈரம். குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த அண்ணியின் வயிற்றை அந்த நிமிஷம்தான் பார்த்திருக்கிறாள். கிராணியை அவள் பார்க்கவில்லை, சிப்பாயைப் பார்க்கவில்லை. அப்பா கையில் இருந்த சுத்தியலை மட்டும் பார்த்தாள்.

“மாமா! நீங்கள்லாம் மனுஷங்களா? புள்ளத்தாச்சிய வீட்டுல வச்சிக்கிட்டு அடுப்ப இடிச்சிருக்கீங்களே! சுத்தியல கீழ போடுங்க! எனக்கு ரெண்டு போனது போதாதா? இந்தப் புள்ளைக்கும் அப்படி ஆவணுமா?”

அம்மா அவள் வாயைப் பொத்த ஓடினாள். அவள் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு இன்னும் சத்தமாகக் கத்தினாள். சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, கொட்டாவி விட்டான். அவன் தனியாக வந்திருந்தால், யாரோ ஒரு பொம்பளை கத்துகிறாள் என்று போயிருப்பான். கிராணிக்கு விளங்கிவிட்டது. நம் ஆள் அல்லவா!

வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தான். ஈரச் சேலையோடு வந்து நின்ற அண்ணியைப் பார்த்தான். “எத்தனை மாசம் தங்கச்சி?” என்று மெதுவாகக் கேட்டான். அண்ணி சேலையை இழுத்து வயிற்றை மூடினாள்.

“அஞ்சு இருக்கும்! நல்லாக் கேளுங்க இவங்கள!” என்றாள் சின்னம்மா.

“என் வீட்டுக்காரி முழுகாம இருந்தப்ப, சட்டை மாட்ட ஒரு ஆணி அடிக்க விடல எங்கம்மா,” என்றான் கிராணி. பிறகு அப்பாவிடம் திரும்பினான். “புள்ளைய விட இந்தச் சுவருக்கு அப்படி என்ன அவசரம் அண்ணே?”

கிராணி விறகுக்கு மேலே கையை நீட்டிப் பலகையில் விரல் முட்டியால் தட்டினான். இரண்டு மூன்று இடத்தில் தட்டினான். சிப்பாயைக் கூப்பிட்டான்.

அவர்கள் உடைப்பதற்குள் அண்ணனே பலகையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். விறகு சரிந்து விழுந்தது. முகமெல்லாம் கரி. அண்ணியைப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்து, “ஈரத்தோட நிக்காத, போய் மாத்து,” என்றான். சிப்பாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். சின்னம்மா திறந்த வாயை மூடாமல் நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அண்ணன் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாக ரயிலில் வந்து இறங்கியபோது, அப்பா ஒவ்வொரு பெட்டியாக ஏறி இறங்கி விசாரித்தார். அவனைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு. கூட்டிவந்தவர்கள் இல்லை.

அண்ணனைக் கொண்டுபோன அன்றே அப்பா அந்தச் சுவரை உடைக்கப்போனார். அம்மா குறுக்கே நின்றுகொண்டாள். “புள்ள பொறக்கட்டும். அதுவரைக்கும் ஒரு ஆணிய தொடக்கூடாது,” என்றாள். இனிமேல் எதற்கு இந்த சாஸ்திரம் என்று நான் கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால்தான் மாதக்கணக்கில் சமைத்தோம். உயர்த்திக் கட்டிய மேடையில் அம்மா நிமிர்ந்து நின்று கிழங்கு வேகவைத்தாள், நிமிர்ந்து நின்றே அழுதாள்.

வரிசையில் பேச்சு கிளம்பியது. சின்னம்மா அரிசி வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றார்கள். அப்படி இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவள் வீட்டு வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் சோறு வேகும் வாசனை வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். கிழங்கு வாசனைதான் வந்தது, எங்கள் வீட்டில் வருவதைவிட மோசமாக. அவள் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கீரை மட்டும் கொல்லை வேலியில் தொங்கும். அம்மா எடுத்துவருவாள், நான் தொடமாட்டேன்.

அண்ணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அன்றைக்கு அம்மாவே போய்ச் சின்னம்மாவைக் கூட்டிவந்தாள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துணியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். உதட்டைத் தடவினாள். சுண்டுவிரலால் மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். காது இரண்டையும் மடக்கிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“ஒரு குறையும் இல்லக்கா,” என்று சொல்லிவிட்டு விம்மினாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “அப்பன் இருக்கானான்னும் தேடிப் பாருங்க சின்னம்மா!” என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். சின்னம்மா பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு எழுந்தாள். “நான் புள்ளைக்காகத்தான் சொன்னேன்,” என்றாள்.

“தெரியும் சின்னம்மா. உக்காருங்க. நீங்களே தண்ணி ஊத்துங்க,” என்றாள் அண்ணி.

சின்னம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். அண்ணி தன் பிள்ளையை எடுத்து அவள் கால்மேல் கிடத்தினாள். அம்மா வெந்நீரை விளாவிக் கொடுத்தாள். மூன்று பேரும் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி சொன்னது எனக்கும் தெரியும். சின்னம்மாவிடம் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு என்றைக்கோ நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.